கருந்துளையின் பூர்வ கதை

சந்திரசேகரின் புத்தகங்களில் நான் முதலிலிருந்து கடைசிவரை படித்தது, 1987இல் வெளிவந்த ‘ட்ரூத் அண்ட் பியூட்டி’ என்ற சொற்பொழிவுத் தொகுப்பைத்தான். ஷேக்ஸ்பியரையும் நியூட்டனையும் பீத்தோவனையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துப் பேசுகிற தைரியம் அவருக்கு இருந்தது. 1935இல் எடிங்டன் சபையில் வைத்துத் தம் கொள்கையைப் பரிகசித்ததைச் சகித்துக்கொண்டவர், 1983இல் நோபல் பரிசு வாங்கியவர் என்பதற்காக அல்ல. எழுத்தின் நிதானத்துக்காகவே அவரைப் படிக்கலாம். ஆனாலும் எனக்கு அவரோடு ஒரு வழக்கு இருக்கிறது.

1963இல் ராய் கெர் கண்ட ஒரு தீர்வு, பிரபஞ்சத்தில் உள்ள எண்ணற்ற கருந்துளைகளை அப்படியே வர்ணித்துவிடுகிறது என்பதே தம்மை வாழ்நாளில் மிகவும் உலுக்கிய விஷயம் என்கிறார். எடை எவ்வளவு, சுழற்சி எவ்வளவு: இரண்டு எண்கள் போதும். அந்த எளிமைதான் சௌந்தரியம் என்பது அவர் கட்சி.

இது முத்து வியாபாரியின் ரசனை. தூத்துக்குடியில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961இல். வியாபாரி எடையும் உருட்சியும் நிறமும் பார்த்து விலை சொல்வான். எந்தப் பாரில் கிடைத்த சிப்பி, குளித்தவன் எத்தனை மூச்சு அடக்கினான் என்பது அவனுக்கு எதற்கு? முத்தையாவது அறுத்தால் உள்ளே அடுக்கடுக்காக அதன் வயசு தெரியும். கருந்துளையில் அதுவும் இல்லை. நாவல் எழுதுகிறவன் குளித்தவனிடம்தான் கேட்பான்.

கேட்டால், நல்ல கதை கிடைக்கிறது. பெரிய நட்சத்திரங்களில் பெரும்பாலானவை தனியாகப் பிறப்பதில்லை, ஜோடியாகவே பிறக்கின்றன. விலகிச் சுற்றினால் அவரவர் பாடு. நெருங்கிச் சுற்றினால்தான் வம்பு. எடை கூடியது எரிபொருளை வேகமாகச் செலவழித்து, சில மில்லியன் வருஷங்களில் ஊதிப் பெருக்கிறது. தன் எல்லையைத் தாண்டியதும் அதன் வாயு துணையின் பக்கம் வழிகிறது. அண்ணன் சொத்து தம்பி கைக்கு மாறி, தம்பி பெரியவனாகிவிடுகிறான்! மேலாடை போன அண்ணன், வெறும் ஹீலியக் கருவாக எஞ்சி, பிறகு தன் பாரத்தாலேயே உள்ளே சரிந்து கருந்துளை ஆகிறான். அடுத்து தம்பி ஊதும் முறை. கொடுத்தது திரும்ப வருகிறது.

நம் விஞ்ஞானக் கட்டுரையாளர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். துணையை விழுங்கும் அரக்கன் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். யார் யாரை முதலில் விழுங்கினார்கள் என்று பார்க்க வேண்டாமா? 1964இல் கண்டுபிடிக்கப்பட்ட சிக்னஸ் எக்ஸ்-1இல், சூரியனைப்போல் சுமார் 21 மடங்கு எடையுள்ள கருந்துளையும் ஒரு நீல நட்சத்திரமும் 5.6 நாளுக்கு ஒரு தரம் சுற்றிக்கொள்கின்றன. நம்முடைய அஸ்ட்ரோசாட்டும் அதைப் பார்த்திருக்கிறது. கருந்துளை இன்று அந்த நட்சத்திரத்தின் வாயுவை இழுக்கிறது என்பது மூன்றாம் அத்தியாயம். முதல் அத்தியாயத்தை விட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது விமர்சனம் ஆகாது.

கதை மேலும் போகிறது. இரண்டாவது நட்சத்திரம் மிகவும் வீங்கினால் கருந்துளையையும் சேர்த்துப் போர்த்திக்கொள்ளும். அந்தப் போர்வைக்குள் உராய்ந்து உராய்ந்து இருவரும் நெருங்க, போர்வை வெளியே வீசப்படுகிறது. அந்தக் கருவும் சரிந்தால் இரண்டு கருந்துளைகள். போர்வையே இல்லாமலும் இது நடக்கலாம் என்கிற கட்சியும் பலமாக இருக்கிறது. எப்படியானாலும், பிறகு ஈர்ப்பலைகளாகச் சக்தி கசிந்து இரண்டும் ஒன்றாகும். 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முதலாகப் பிடிபட்ட அலை அப்படி ஒரு சேர்க்கையின் ஓசைதான்: 36ம் 29ம் கூடி 62 ஆயிற்று, மூன்று சூரியன் எடை அலையாகவே போய்விட்டது.

அந்த இரண்டும் கூடப் பிறந்தவையா, நட்சத்திரக் கூட்டத்தின் நெரிசலில் பிற்பாடு சந்தித்துக்கொண்ட அந்நியர்களா? எடையைக் கேட்டால் பதில் இல்லை. சுழற்சி சொல்லலாம். கூடப் பிறந்தவை என்றால், பெரும்பாலும் தாம் சுற்றும் திசையிலேயே சுழலும். அந்நியர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருப்பார்கள். சந்திரசேகரின் இரண்டாவது எண்ணில் கொஞ்சம் பூர்வ கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் 2015இல் வந்த அலையில் அந்தச் சாய்வு தெளிவாகத் தெரியவில்லை.