ஹார்ட்விக் மாளிகை: கண்ணாடிச் சுவர்களின் புகழும் விலையும்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்தில் ஒரு மேட்டின்மீது நிற்கும் ஹார்ட்விக் மாளிகை, முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் பிரபுக்கள் தம் கிராமப்புற நிலவுடைமைகளின் நடுவே எழுப்பிய பெருமனைகளுள் மிகவும் துணிச்சலானது. ஷ்ரூஸ்பரி கோமகளும் நான்கு முறை மணந்து நான்கு முறையும் கைம்பெண்ணானவருமான பெஸ், தம் அறுபதாம் வயதைக் கடந்த பின் 1590இல் இதன் பணியைத் தொடங்கி 1597இல் குடிபுகுந்தார். லாங்லீட், வொல்லாட்டன் ஆகிய மாளிகைகளோடு தொடர்புடைய ராபர்ட் ஸ்மித்சனே இதன் வரைவாளர் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கின்றனர். சுவரைவிடக் கண்ணாடியே மிகுதி என்று அக்காலத்திலேயே பேசப்பட்ட முகப்பே இதன் புகழுக்குக் காரணம் என்றாலும், கட்டடக்கலை நோக்கில் இதன் மெய்யான சாதனை அந்த முகப்புக்குப் பின்னால், அறைகள் அடுக்கப்பட்ட முறையில்தான் இருக்கிறது.

இடைக்கால ஆங்கில மனைகளில் பணியாளரும் விருந்தினரும் கூடும் பெருங்கூடம், கட்டடத்தின் முகப்புக்கு இணையாக நீளவாட்டில் அமைந்து, ஒரு முனையில் வாயிலையும் மறுமுனையில் தலைவருக்குரிய உயர்மேடையையும் கொண்டிருந்தமையால், வாயில் எப்போதும் முகப்பின் நடுவிலிருந்து விலகியே நின்றது. இருபுறமும் ஒத்த வடிவம் கொண்ட முகப்பை, அதாவது சமச்சீரான முகப்பை விரும்பிய புதிய தலைமுறைக்கு இது பெருந்தடையாயிற்று. ஹார்ட்விக்கில் பெருங்கூடம் செங்குத்தாகத் திருப்பப்பட்டு, முன்வாயிலிலிருந்து பின்புறம் வரை வீட்டை ஊடுருவிச் செல்லுமாறு வைக்கப்பட்டது. இந்த ஒரே மாற்றத்தால் வாயில் நடுவில் அமைந்தது, முகப்பு சமன்பட்டது, கூடமும் குடும்பத்தின் உணவிடம் என்ற பழைய நிலையிலிருந்து நுழைவுக்கூடம் என்ற புதிய நிலைக்கு நகர்ந்தது. பிற்கால ஆங்கில மாளிகைகள் பலவும் சென்ற வழி இது.

தளங்களின் ஒழுங்கும் அதே அளவு சிந்தித்துச் செய்யப்பட்டது. தரைத்தளம் பணியாளருக்கும், நடுத்தளம் பெஸ்ஸின் அன்றாட வாழ்வுக்கும், மேல்தளம் அரசரை வரவேற்கத்தக்க சடங்கு அறைகளுக்கும் ஒதுக்கப்பட்டன. மேலே செல்லச் செல்லக் கூரையின் உயரமும் சாளரங்களின் உயரமும் கூடுகின்றன. ஆகவே வீட்டின் சமூகப் படிநிலையை வெளியில் நிற்பவரும் சாளரங்களைக் கொண்டே அறிந்துகொள்ள முடியும். கூடத்திலிருந்து கிளம்பும் கல் படிக்கட்டு நேரே ஏறாமல், ஒளியும் நிழலும் மாறிமாறி வரும் பாதையாக வளைந்து சென்று, டயானா தேவியின் வேட்டைக் காட்டை வண்ணச் சுதையில் காட்டும் உயர் பேரறையின் வாயிலில் விருந்தினரைக் கொண்டு நிறுத்துகிறது. ஏறி வருபவரின் எதிர்பார்ப்பைப் படிப்படியாக வளர்த்து நிறைவேற்றும் இந்தப் பாதைக்கு நிகரானது அக்கால ஆங்கிலக் கட்டடங்களில் அரிது.

முகப்பைப் பற்றி அதே உறுதியோடு பாராட்டுச் சொல்ல இயலாது. கண்ணாடி விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், சொந்தக் கண்ணாடி உலையும் கல் வெட்டும் குழிகளும் உடைய ஒருவரின் செல்வத்தை அது அறிவித்தது. ஆறு கோபுரங்களின் உச்சியில் கல்லில் செதுக்கப்பட்ட பெஸ்ஸின் பெயரெழுத்துகளும் அதையே செய்கின்றன. ஆனால் சமச்சீர்மையைக் காப்பதற்காகச் சில சாளரங்கள் பொய்ச் சாளரங்களாக வைக்கப்பட்டன. வெளியே கண்ணாடி மின்னும் அவ்விடங்களில் உள்ளே அறையின் ஒளி இல்லை. வெளிச்சுவர்களைச் சாளரங்களுக்கு விட்டுக்கொடுத்ததால் புகைப்போக்கிகள் உட்சுவர்களுக்குள் சென்றன. இது பாராட்டத்தக்க பொறியியல் தீர்வே. எனினும் ஈயச் சட்டத்தில் பதித்த மெல்லிய கண்ணாடி வழியே கணப்பின் வெப்பம் வெளியேறுவதை அதனால் தடுக்க முடியவில்லை. 1601இல் எழுதப்பட்ட வீட்டுப் பொருட்பட்டியலில், பெஸ்ஸின் படுக்கையறைச் சாளரத்தின் முன்னும் கதவின் முன்னும் தொங்கவிடுவதற்கென்றே கனத்த போர்வைகள் குறிக்கப்பட்டுள்ளன. இந்த வடிவமைப்பின்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளுக்கு இதைவிட வலுவான சான்று வேறில்லை. வீட்டின் பெருமையாகக் கருதப்பட்டதை வீட்டின் தலைவியே மூடி மறைக்க நேர்ந்தது. சடங்கு விருந்துக்குரிய உணவும் தரைத்தளச் சமையற்கூடத்திலிருந்து அந்த நீண்ட படிக்கட்டு முழுவதும் சுமந்து செல்லப்பட வேண்டியிருந்தது.

இதனினும் ஆழமான முரண் மேல்தளத்தில் உள்ளது. அங்குள்ள அறைகள், உருவங்கள் நெய்யப்பட்ட பெரிய சுவர்த்திரைகளைத் தாங்குவதற்காகவே அளவிடப்பட்டவை; 1592இல் வாங்கப்பட்ட, விவிலியத்தில் வரும் கிதியோனின் வரலாற்றைக் காட்டும் திரைகள் பதின்மூன்றும் ஏறத்தாழ ஐம்பது மீட்டர் நீளமுள்ள நீள்கூடத்தில் தொங்குகின்றன. சாயமேற்றிய கம்பளியையும் பட்டையும் வெயிலைப்போல் அழிப்பது வேறொன்றில்லை என்றிருக்க, அவற்றுக்கு எதிரேயே ஆளுயரத்தை மிஞ்சும் சாளர வரிசை அமைக்கப்பட்டது. காட்சிக்கு வேண்டிய ஒளி, காட்சிப்பொருளையே மெல்ல வெளுக்கச் செய்தது.

பெஸ்ஸின் வழிவந்த டெவன்ஷயர் கோமகன்கள் சாட்ஸ்வொர்த் மாளிகையையே தலைமை இல்லமாகக் கொண்டதால், ஹார்ட்விக் பெரிய மாற்றங்களுக்கு உள்ளாகாமல் தப்பியது. அதன் குறைகளையும் நிறைகளையும் இன்று ஒருசேர ஆராய முடிவது அந்தப் புறக்கணிப்பால்தான். மரண வரிக்கு ஈடாக அரசிடம் ஒப்படைக்கப்பட்ட இந்த மாளிகை 1959இல், பழமையான மாளிகைகளைப் பேணும் தேசிய அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. கிதியோன் திரைகளைச் செப்பனிடும் பணி இருபதாண்டுகளுக்கும் மேலாக நடந்து 2023இல்தான் நிறைவுற்றது.