வீட்டுக் கணக்கில் தொலைந்த நடிகர்

பழைய நட்சத்திரங்களின் வாழ்க்கையைச் சொல்லும் பத்திகளும் காணொலிகளும் பெருகிவிட்டன. நடிகர் பி.யு.சின்னப்பா என்றால் அவற்றில் திரும்பத் திரும்ப வருபவை சில சங்கதிகள்தாம்: புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கிக் குவித்தார், இனி வாங்கக் கூடாது என்று மன்னர் தடை போட்டார், போட்டி நட்சத்திரம் எம்.கே.தியாகராஜ பாகவதரின் ரசிகர்களும் இவர் ரசிகர்களும் மோதிக்கொண்டார்கள், 35 வயதில் திடீரென்று செத்துப்போனார். "இப்படியாவது பேசுகிறார்களே, இல்லாவிட்டால் அவரை யாருக்கு நினைவிருக்கும்?" என்று இதற்கு வக்காலத்து வாங்குபவர்களும் உண்டு.

துணுக்குகளால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். பிலிம் நியூஸ் ஆனந்தன் சேர்த்து வைத்ததும், அறந்தை நாராயணன் எழுதி வைத்ததும் இல்லையென்றால் அந்தக் காலத்து சினிமாவைப் பற்றி நம் கையில் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கும். ஆனால் அவர்கள் சேர்த்தது மேற்கொண்டு வேலை செய்வதற்கான மூலப்பொருள். பின்னால் வந்தவர்கள் அதையே பிரதியெடுத்துப் பிழைக்கிறார்கள்.

வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்வோம். எத்தனை வீடு என்பதில் ஆளுக்கொரு கணக்கு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில்தான் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அதுவரை தனி தர்பார், தனி நிர்வாகம். அப்படியொரு தடை இருந்திருந்தால் ஓர் உத்தரவு இருந்திருக்க வேண்டும். சமஸ்தான ஆவணங்களைப் புரட்டி நிக்கலஸ் டர்க்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு பெரிய வரலாற்று நூலே எழுதி 1987இல் வெளியிட்டார். கதையைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் அந்த ஆவணக் கட்டுகள் பக்கம் போனார்கள்?

கதை உண்மையாகவே இருக்கட்டும். அது அந்த நடிகரைப் பற்றி என்ன சொல்கிறது? ஒன்றுமில்லை. என் நெடுநாள் மனக்குறை இதுதான்: இந்த எழுத்தில் வேலை செய்கிற மனிதர் இல்லை. சொத்து இருக்கிறது, போட்டி இருக்கிறது, சாவு இருக்கிறது. 'உத்தமபுத்திரன்' (1940) படத்தில் இரட்டை வேடம், 'மங்கையர்க்கரசி'யில் (1949) மூன்று வேடம் என்று எண்ணிக்கை மட்டும் வருகிறது. ஒரு முகத்தை இன்னொன்றிலிருந்து எப்படிப் பிரித்துக் காட்டினார் என்று ஒரு வரி கிடையாது. 'ஜகதலப்பிரதாபன்' (1944) படத்தில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் ஒரே காட்சியில் பல சின்னப்பாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். கணினி இல்லாத நாளில், தன் தாளத்துக்குத் தானே பிசகாமல் மறுபடி மறுபடி நடித்துப் பொருத்த வேண்டும். சங்கீத ஞானமும் உடம்புக் கட்டுப்பாடும் ஒருங்கே இல்லாதவரால் அது முடியாது. அந்த இரண்டையும் பையனாக இருந்தபோதே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவின் அடியிலும் பட்டினியிலும் கற்றவர் அவர். ராஜபார்ட் நடிகர் ஒருவர் மேடையின் குரலையும் சிலம்ப அசைவையும் கேமராவுக்கு முன் எப்படி அடக்கிக்கொண்டார் என்பதல்லவா எழுத வேண்டிய வாழ்க்கை?

அதே புதுக்கோட்டையில் 1920இல் பிறந்த ஜெமினி கணேசனுக்கும் இதே கதிதான். 2018இல் அவர் மனைவி சாவித்திரியின் வாழ்க்கைப் படமான 'நடிகையர் திலகம்' வந்த பிறகு அவர் பெயர் எங்கும் அடிபட்டது. பேச்செல்லாம் திருமணங்களைப் பற்றி. 'சுமைதாங்கி'யில் குரலை உயர்த்தாமலே அவர் துயரத்தைச் சுமந்த விதத்தை, 'நான் அவனில்லை'யில் வேடத்துக்கு வேடம் ஆளே மாறியதை, பேச யாருமில்லை.

இந்தத் துணுக்குகள் நினைவைக் காப்பாற்றுவதாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. இவை நடிப்பை மறக்கப் பழக்குகின்றன. புதுக்கோட்டைக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த முறை யாராவது வீட்டுக் கதையை ஆரம்பித்தால், சின்னப்பாவின் எந்தப் படத்தைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுந்து போய், 'ஜகதலப்பிரதாபன்' படத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்.