தாழ்மை: விவிலியத் தமிழில் ஒரு சொல்லின் பொருட்பரப்பு

1. கிறித்தவ அறநெறியில் தாழ்மை தலையாய பண்புகளுள் ஒன்று. அதனைக் குறிக்க விவிலியத் தமிழில் தாழ்மை, மனத்தாழ்மை, எளிமை, சாந்தம் முதலிய சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் தாழ்மை என்னும் சொல், மூலத்தில் வேறுபட்டு நிற்கும் இரு பொருள்களை ஒன்றாக்கிவிடும் இயல்புடையது. பவர் தலைமையிலான குழுவினரின் முயற்சியால் 1871இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பையும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பையும் ஒப்பிட்டு இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

2. கிரேக்கத்தில் 'தபெய்னோஸ்' என்பது முதற்கண் உயரமின்மையையும், பின்னர்ச் சமூக நிலையின் இழிவையும் குறித்தது. பண்டைக் கிரேக்க ஆசிரியர்களிடம் அச்சொல் பெரும்பாலும் இகழ்ச்சிப் பொருளிலேயே வந்தது. புதிய ஏற்பாட்டில் அதன் அடியாகப் பிறந்த சொற்கள் மூன்று வகையாகப் பயில்கின்றன. 'தபெய்னோசிஸ்' (லூக்கா 1:48) ஒருவர் இருக்கும் நிலையைச் சுட்டுகிறது. 'தபெய்னோப்ரோசுனே' (பிலிப்பியர் 2:3) மனப்பாங்கைச் சுட்டுகிறது. பிலிப்பியர் 2:8இல் வரும் வினையோ, உயர்நிலையில் இருந்தவர் தாமே மேற்கொண்ட செயலைச் சுட்டுகிறது. நிலை, மனப்பாங்கு, செயல் என்னும் இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்ளுதல் ஆகாது.

3. தமிழ் இலக்கணம் இவ்வேறுபாட்டைக் காட்டும் ஆற்றல் உடையது. 'தாழ்' தன்வினை, 'தாழ்த்து' பிறவினை, 'தாழ்த்தப்படு' செயப்பாட்டுவினை. ஒருவர் தம்மைத் தாழ்த்துகையில் செய்வோரும் செயப்படுவோரும் ஒருவரே. தாழ்த்தப்பட்டோர் என்னும்போது செய்தோர் பிறர். 'தாழ்மை' என்னும் பெயரோ தன்வினை அடியாகப் பிறந்தமையால் தாழ்த்தியவர் எவர் என்பதைச் சொல்வதில்லை. நிலைக்கும் பண்புக்கும் அது பொதுவாகிவிடுகிறது.

4. இதன் விளைவை லூக்கா முதல் அதிகாரத்தில் காணலாம். 48ஆம் வசனத்தில் மரியாளின் நிலையைப் பவர் மொழிபெயர்ப்பு தாழ்மை என்றும், திருவிவிலியம் தாழ்நிலை என்றும் பெயர்க்கின்றன. 52ஆம் வசனத்தில் கடவுளால் உயர்த்தப்படுவோர் முன்னதில் தாழ்மையானவர்கள்; பின்னதில் தாழ்நிலையில் இருப்போர். முதல் பெயர்ப்பைப் படிப்போர், நற்பண்புக்குக் கிடைத்த பரிசாக அவ்வுயர்வைக் கருத இடமுண்டு. ஆனால் அவ்வசனத்தில் இவர்களுக்கு எதிராக நிறுத்தப்படுவோர் அரியணையிலிருந்து இறக்கப்படும் வலியோர். ஆகவே அங்குப் பேசப்படுவது பண்பன்று, சமூக நிலை என்பது தெளிவு. இவ்விடத்தில் 1995ஆம் ஆண்டுப் பெயர்ப்பே மூலத்திற்கு நெருக்கமானது.

5. எல்லா இடத்திலும் பிற்காலப் பெயர்ப்பே சிறந்தது எனக் கொள்ளுதற்கில்லை. மத்தேயு 5:3இல் மூலச்சொல் 'ப்தோகோஸ்'; அது உழைத்தும் வறுமையுற்றவரை அன்றி, இரந்து வாழும் அளவுக்கு ஏதுமற்றவரைக் குறிப்பது. பவர் மொழிபெயர்ப்பில் எளிமை என்னும் சொல்லும், 'ஆவியில்' என்னும் ஏழாம் வேற்றுமைத் தொடரும் அமைந்துள்ளன. எளிமை பழைய வழக்கில் வறுமையையும் குறித்தது. இன்றைய வழக்கில் ஆடம்பரமின்மை, கடினமின்மை என்னும் பொருள்களே மேலோங்கியுள்ளன. திருவிவிலியம் 'ஏழையர்' என்னும் சொல்லைக் கொண்டு வறுமைப் பொருளை மீட்கிறது. ஆயினும் 'ஏழையரின் உள்ளம்' என்னும் ஆறாம் வேற்றுமைத் தொடர், ஏழையல்லாதவரும் அவ்வுள்ளத்தைப் பெறலாம் என்னும் பொருளுக்கு வழிவிடுகிறது. அவ்வளவில் வறுமை உவமை நிலைக்கு நகர்ந்துவிடுகிறது.

6. மனப்பாங்கைக் குறிக்கும் சொல்லும் எப்போதும் புகழ்ச்சிக்குரியதன்று. கொலோசெயர் 2:18, 23 ஆகிய வசனங்களில் அதே 'தபெய்னோப்ரோசுனே' கண்டனத்திற்குள்ளாகும் சமயநடத்தையைச் சுட்டுகிறது. மூலத்தில் சூழலே அதன் போலித்தன்மையை உணர்த்துகிறது. 23ஆம் வசனத்தில் பவர் மொழிபெயர்ப்பு 'மாயமான' என அடைகொடுத்து அதனை வெளிப்படுத்துகிறது. தாழ்மை தன்னளவில் அறமாகிவிடாது, எவர், எதற்காகத் தாழ்கிறார் என்பதைப் பொறுத்தே அது மதிப்புப் பெறும் என்பதற்கு இவ்வசனங்கள் சான்று.

7. இஃது அகராதி நுட்பம் மட்டுமன்று. சாதி ஏற்றத்தாழ்வு நிலவும் சமுதாயத்தில் தாழ்வு என்னும் சொல் நடுநிலையாக ஒலிப்பதில்லை. பிறரால் தாழ்த்தப்பட்டவரிடம் தாழ்மையை அறமாகப் போதித்தால், பிறர் சுமத்திய நிலையே அவருடைய பண்பாக மாற்றப்படுகிறது. 1980களில் உருப்பெற்ற தலித் இறையியலின் நோக்கிலிருந்து இவ்வினாவைத் தவிர்க்க இயலாது. பிலிப்பியர் 2:8இன் வினையமைப்பும் அதற்குத் துணைநிற்கிறது: அங்குத் தாழ்த்துபவர் தம்மையே தாழ்த்துகிறார், பிறரை அல்லர்.

8. எனினும் இரு பொருளுக்கும் தொடர்பற்ற இரு சொற்களை ஆளுதலும் தீர்வாகாது. எபிரேய மரபில் 'அனாவிம்' என்னும் சொல் ஒடுக்கப்பட்டோரையும் கடவுளையே சார்ந்து நிற்போரையும் சேர்த்துக் குறித்தது. அவ்வுறவு அறுபடின் மரியாளின் நிலைக்கும் இயேசுவின் செயலுக்கும் இடையிலுள்ள சொல்லிணைப்பு மறையும். அடக்கம், பணிவு ஆகியவை தமிழில் வேரூன்றிய சொற்களே. திருக்குறளின் 13ஆம் அதிகாரம் அடக்கமுடைமை. ஆனால் அடக்கம் தன்னை ஆளுதலைக் குறிக்குமேயன்றி மேலிருந்து கீழிறங்குதலைக் குறிக்காது.

ஆகவே வேர்ச்சொல்லை மாற்றாது, ஆக்கத்தால் வேறுபடுத்துதலே தக்க நெறி: நிலைக்குத் தாழ்நிலை, மனப்பாங்கிற்கு மனத்தாழ்மை, செயலுக்குத் தம்மைத் தாழ்த்துதல். இவ்வேறுபாட்டைப் பேணும் மொழிபெயர்ப்பு, தாழ்ந்தவரைத் தாழ்ந்தே இருக்கச் சொல்லும் போதனைக்கு விவிலியத்தைச் சான்று காட்ட இடங்கொடாது.