யார் வீட்டுக் கல்: நேக் சந்த் தோட்டத்தை முன்வைத்து

போன சித்திரையில் மொட்டைமாடியில் ஒரு திண்ணை கட்டினேன். கொத்தனார் வைக்காமல், நானே. கைப்பிடிச் சுவரை ஒட்டி, கீழே உத்தரம் ஓடுகிற இடமாகப் பார்த்து, செங்கல் அடுக்கி, மேலே உடைந்த ஆத்தங்குடிக் கற்களைப் பதித்தேன். ஐப்பசி மழையில் பாதிக் கல் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. நான் எழுத நினைத்தது சண்டிகரில் இருக்கும் ஒரு தோட்டத்தைப் பற்றி. ஆனால் இந்தத் திண்ணையைச் சொல்லாமல் அங்கே போக முடியாது.

ஊரில் தாத்தா வீடு பாகம் பிரிந்து இடிபட்டது. தேக்குத் தூண், நிலை, கதவு எல்லாம் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போயின. தரைக்கல்லுக்கு அந்த மவுசு இல்லை. ஆத்தங்குடிக் கல் என்பது சிமெண்டும் மணலும் நிறமும் சேர்த்துக் கண்ணாடித் தட்டின் மேல் கையால் வார்ப்பது. சூளையில் சுடுவது கிடையாது, தண்ணீரில் போட்டு இறுக வைப்பார்கள். ஒருதரம் பதித்துவிட்டால் முழுசாக எடுப்பது கஷ்டம். கடப்பாரை பட்டால் விண்டுவிடும். அப்படி விண்டதில் ரெண்டு மூட்டை எனக்கு வந்தது.

திண்ணை முடிந்த அன்று என் மகள் அதைப் படம் பிடித்து, ‘வேஸ்ட்டிலிருந்து பெஸ்ட்’ என்று தலைப்புப் போட்டு, சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் அனுப்பினாள். கைதட்டும் பொம்மைகளாக வந்து குவிந்தன. அத்தை மட்டும் ஃபோன் செய்தார். "எதுடா வேஸ்ட்டு? அந்தப் பச்சைக்கல்லு ரெண்டாங்கட்டுல சாமிரூம் வாசல்ல கிடந்தது. எங்காத்தா அங்கன உக்காந்துதான் பூக்கட்டும்." நான் ஏதோ சமாளித்து வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது.

வீட்டிலும் தோட்டத்திலும் கைவேலை செய்து காட்டும் வீடியோக்களை நான் நிறையப் பார்க்கிறவன். கேலி செய்வதற்காகப் பார்ப்பதில்லை, எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. பழைய டயரை வெட்டி அன்னப்பறவை செய்வது, பெட் பாட்டிலைக் குறுக்கே அறுத்துத் தொங்கவிட்டு மணிபிளாண்ட் வைப்பது, உடைந்த பானைக்குள் குட்டி கிராமம் அமைப்பது. எல்லாவற்றிலும் ஒரு கட்டம் தவறாமல் வரும்: பெயிண்ட் அடிப்பது. அதிலும் தங்கநிற ஸ்பிரே. அடித்து முடித்ததும் அது டயரா, பாட்டிலா, பாட்டி வீட்டு அண்டாவா என்று தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் அந்த வகைமையின் இலக்கணம். கடைசியில், "இது எதுல செஞ்சதுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று கேட்பார்கள். (நம்ம ஊர் வெயிலில் அந்த பாட்டில் ஒரே கோடையில் நொறுங்க ஆரம்பித்துவிடும், அதைப் பொறுக்கி எடுப்பது தனி வேலை. அந்த வீடியோவை யாரும் போடுவதில்லை.)

இந்த வகைமைக்கு நம் நாட்டில் ஒரு மூலபுருஷர் உண்டென்றால் அது நேக் சந்த். 1924-ல் பிறந்தவர். சொந்த ஊர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது, பிரிவினையில் அங்கிருந்து கிளம்பி வந்த குடும்பம். 1950-களில், லெ கொர்புசியே திட்டமிட்ட சண்டிகர் எழும்பிக்கொண்டிருந்தபோது, அங்கே பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். கட்டடம் எதுவும் கூடாது என்று ஒதுக்கியிருந்த சுக்னா ஏரிப் பக்கத்துக் காட்டுக்குள், வேலை முடிந்த நேரத்தில், அனுமதியில்லாமல், ஏறக்குறைய 18 வருஷம் தனக்கென்று ஒரு சாம்ராஜ்யம் கட்டினார். கல்லும் உடைசலும் சைக்கிளில் வந்து சேர்ந்தன. 1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அது 12 ஏக்கருக்குப் பரவியிருந்தது. இடித்திருக்க வேண்டும், சட்டப்படி. இடிக்கவில்லை. 1976-ல் மக்களுக்குத் திறந்தார்கள், அவருக்குச் சம்பளமும் ஐம்பது வேலையாட்களும் கொடுத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீ. 2015-ல் காலமானார்.

இந்தக் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: குப்பையிலிருந்து கலை. எனக்கு இங்கேதான் இடிக்கிறது. அந்தக் குப்பை எங்கிருந்து வந்தது? தொழிற்சாலைக் கசடு, தார் டின், பீங்கான் உடைசல், ஃபியூஸ் கட்டை என்று பலவும் இருந்தன. அதோடு, சண்டிகர் என்ற நவீன நகரத்துக்காக இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் அகற்றப்பட்டன. அந்த வீடுகளின் இடிபாடும் அதில் இருந்தது. அங்கே குடியிருந்தவர்கள் அதைக் குப்பை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நான் படித்த அறிமுகங்களில் பலவும் கிராமங்களை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. ஊர் பேர் ஒன்றுகூடக் கிடையாது. ஊரை இழந்து வந்த ஒருவர், வேறு ஊர்க்காரர்கள் இழந்த வீட்டின் துண்டுகளை வைத்து ஒரு ராஜ்ஜியம் செய்தார் என்பது சின்ன விஷயமா? அதை ‘மறுசுழற்சி’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடுகிறோம். என் மகள் போட்ட தலைப்புக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

ஆனால் நேக் சந்தைக் குறை சொல்லும்முன் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். சில வருஷம் முன் ஒரு கருத்தரங்குக்காகச் சண்டிகர் போனபோது ஒரு முழு மத்தியானம் அங்கே சுற்றினேன். வாசல்கள் தாழ்வானவை, குனிந்துதான் நுழைய வேண்டும். பழைய பகுதியில், ஆற்றில் பொறுக்கிய கற்களை அவர் செதுக்கவே இல்லை. எடுத்து நிறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். கல் தன் உருவத்திலேயே ஒரு கிழவி மாதிரியோ ஒரு தெய்வம் மாதிரியோ நிற்கிறது. சிமெண்ட் உருவங்கள் வரிசை வரிசையாக நிற்கும் இடத்தில், பெண்களின் உடை முழுக்கக் கண்ணாடி வளையல் துண்டுகள். ஒரு குரங்குக்கூட்டம் பீங்கான் தோல் போர்த்தியிருக்கிறது. கிட்டப் போனால் கோப்பையின் விளிம்பு, தட்டின் பூ ஓரம் எல்லாம் தெரியும். வளையல் வளையலாகவே இருக்கிறது, யாரோ ஒருத்தி கையில் கிடந்தது என்பது மறையவில்லை. எது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று இன்று யாராலும் பிரிக்க முடியாது. ஆனால் ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்தது என்பதை அவர் பூசி மெழுகவில்லை. பெயர் சொல்லாத குற்றம் அவரை எழுதியவர்கள் மேல்தான், அவர் கை மேல் இல்லை.

இதையே லாஸ் ஏஞ்சலஸில் சைமன் ரோடியா கட்டிய வாட்ஸ் கோபுரங்களிலும் சொல்லலாம். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளி. 1921-லிருந்து 33 வருஷம், சாரம் கட்டாமல், தன் வீட்டு மனையில் தனியாளாகக் கட்டியது. உயரமானது ஏறக்குறைய 30 மீட்டர். சிமெண்ட் பூச்சில் பச்சை பாட்டில் துண்டுகள், டைல், சிப்பி, தட்டு. எல்லாம் பதித்த மாதிரியே தெரியும், மேலே வண்ணம் பூசி மறைத்தது கிடையாது. அவர் அதற்கு வைத்த பெயரின் பொருள் ‘நம் ஊர்’. படங்களில் மட்டுமே பார்த்தது என்பதால் இதற்குமேல் நீட்டப்போவதில்லை.

சண்டிகருக்கே திரும்பினால், பின்னால் சேர்ந்த மூன்றாம் பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய பெரிய வளைவுகள், அவற்றில் ஊஞ்சல்கள், உருவத்தைக் கோணலாக்கும் கண்ணாடிகள், மீன் தொட்டி. அந்த மத்தியானத்தில் ஜனம் அங்கேதான் அதிகம். பிள்ளைகள் ஊஞ்சலில் ஆடுவதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் ஒரு பொருளை ஒருவர் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எதுவாக இருந்தது, எதுவாகலாம் என்று யோசித்த தடம் அங்கே மெலிந்துவிட்டது. ஆள்பலம் வந்தது, இடம் வந்தது, வேகமும் வந்தது. அமெச்சூரின் பெரிய சொத்தே வேகமின்மைதான். ஒரு மூட்டை உடைசலோடு வருஷக்கணக்கில் இருக்க அவரால் முடியும், ஒப்பந்தக்காரரால் முடியாது. ‘அரசு அங்கீகரித்ததால் கலை பிழைத்தது’ என்று எழுதுகிறவர்கள் இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்து நடந்து பார்க்க வேண்டும். பிழைத்தது உண்மை. அதற்கு ஒரு விலை இருந்தது என்பதும் உண்மை.

ஒரு நண்பர் என்னிடம் கேட்டார்: "சார், ஞாயித்துக்கிழமை டயர்ல அன்னம் செய்யிற ஆளை இவ்ளோ பெரிய தராசுல வைக்கணுமா?" நியாயமான கேள்வி. கோணலாக வந்தால் என்ன, செய்து பார்த்ததே பெரிசு என்று நானும் நினைக்கிறேன். என் குறை கோணலைப் பற்றியது கிடையாது, தங்கப் பெயிண்ட் பற்றியது. டயர் அன்னம் ஆகட்டும், டயராகவும் இருக்கட்டும். முன்னால் இருந்ததை ‘வேஸ்ட்’ என்று தாழ்த்தினால்தான் நாம் செய்தது ‘பெஸ்ட்’ ஆகும் என்ற கணக்குதான் எனக்கு உதைக்கிறது. நானும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருந்தேன். கற்களைக் கொட்டி, நிறம் வாரியாகப் பிரித்து, நடுவில் ஒரு சூரியன் வருகிற மாதிரி அடுக்கினேன். இணையத்தில் பார்த்த சூரியன். சாமிரூம் வாசலும் சமையல்கட்டும் ஒரே கதிரில் கலந்துபோனது எனக்குத் தெரியக்கூட இல்லை.

கல் ஏன் பெயர்ந்தது என்று தெரிந்துகொள்ள, தெருவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். பெயர்ந்த கல்லின் அடியைக் கட்டைவிரலால் தேய்த்தார், கலவை மாவாக உதிர்ந்தது. "கல்லைத் தண்ணில ஊறப் போட்டீங்களா சார்?" இல்லை என்றேன். "அப்ப அது கலவைத் தண்ணியைக் குடிச்சிருச்சு. இது சிமெண்டுக் கல்லு சார், கடையில விக்கிற பளபளா டைல்ஸ் இல்ல. சித்திரை வெயில்ல வறண்ட கல்லைப் போட்டா எப்பிடிப் பிடிக்கும்? ஒரு வாரமாவது சாக்கு போட்டுத் தண்ணி ஊத்துனீங்களா?" அதுவும் இல்லை. ரெண்டு நாள் ஊற்றியதாக ஞாபகம்.

பெயர்ந்த கற்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து வாளியில் போட்டிருக்கிறேன். சூரியனில் மிச்சம் இருப்பதையும் எடுத்துவிடப் போகிறேன். ரெண்டாவது மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை. பொங்கலுக்கு அத்தை வருகிறார். எது எந்த அறைக் கல் என்று அவருக்குத்தான் தெரியும். மகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.