‘அனுபவம் தேவையில்லை’ : பாலர் பள்ளி ஃபிரான்சைஸ் கையேட்டை ஆசிரியர் வாசிக்கும் விதம்

பணி ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும்போதே நம் ஆசிரியர்கள் பலருக்கு ஒரு யோசனை வந்துவிடுகிறது: “சொந்தமா ஒரு பாலர் பள்ளி தொடங்கினா என்ன?” நல்ல யோசனைதான். ஆனால், அடுத்த அடியிலேயே கையில் ஒரு ஃபிரான்சைஸ் நிறுவனத்தின் விளம்பரக் கையேடு வந்துவிடுகிறது. வழவழப்பான தாள், சிரிக்கும் குழந்தைகள். அந்தக் கையேட்டையும் அதன் பின்னால் வரும் ஒப்பந்தத்தையும் ஒரு பனுவலாக வைத்து வாசித்துப் பார்ப்போம். கருத்துணர்தலுக்குத் தயாராகும் மாணவர்களும் கூடவே வரலாம். தேர்வுத் தாளில் வரும் பகுதிகளைவிட இதில் மறைபொருள் அதிகம்.

இவ்வகைக் கையேடுகளில் அடிக்கடி தலைகாட்டும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘கல்வித்துறை அனுபவம் தேவையில்லை, முழுப் பயிற்சி தருகிறோம்.’ இதைப் படித்ததும் மனம் லேசாகிவிடும். ஆனால் இது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது? பணம் வைத்திருப்பவரை நோக்கி. உங்களை நோக்கி அல்ல. இருபத்தைந்து ஆண்டு வகுப்பறையில் நின்ற ஒருவருக்கு இதன் பொருள் வேறு: உங்கள் அனுபவத்துக்கு இந்த வணிகத்தில் விலை இல்லை. பாடநூல், வாராந்திரப் பாடத்திட்டம், சீருடை, சுவரின் நிறம் வரை எல்லாம் தலைமையகத்திலிருந்து வரும். மூன்றாம் வாரப் பாடம் குழந்தைகளுக்குப் புரியவில்லை, இன்னும் ஒரு வாரம் அதிலேயே இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், அந்த முடிவை எடுக்க உங்களுக்கு உரிமை உண்டா என்று ஒப்பந்தத்தைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, கற்பித்தலே தெரியாதவருக்கு இந்த ஏற்பாடு கைகொடுக்கும். பெற்றோருக்குத் தெரிந்த பெயர்ப்பலகை கிடைக்கிறது. மாநிலக் கல்வி இலாகா பதிவு, ஊராட்சி மன்ற உரிமம், தீயணைப்புத் துறை அனுமதி என்று அலைய வேண்டிய இடங்களுக்கு வழிகாட்டவும் ஆள் உண்டு. ஏற்கெனவே தெரிந்த ஒன்றை விலை கொடுத்து வாங்குபவர் ஆசிரியர் மட்டும்தான்.

கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக்கு 40 பிள்ளைகள், மாதக் கட்டணம் 350 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவு 14,000. உரிமத்தொகை 6 விழுக்காடு, விளம்பர நிதி 2 விழுக்காடு என்றால் 1,120 போய்விடும். கடை வீட்டு வாடகை 3,500. ஆளுக்கு 2,000 வீதம் மூன்று ஆசிரியர்கள், குறைந்தபட்சச் சம்பளமான 1,700-க்கு ஓர் உதவியாளர்: 7,700. முதலாளி செலுத்தும் சேமநிதி ஏறக்குறைய 1,000. மிச்சம் 680 ரிங்கிட். மின்சாரம், தண்ணீர், பிள்ளைகளின் பசியாறல், சொக்சோ எல்லாம் இனிமேல்தான்! இதில் கவனிக்க வேண்டியது ஒரு சொல்: உரிமத்தொகை பொதுவாக மொத்த வரவின் மீது கணக்கிடப்படுகிறது, இலாபத்தின் மீது அல்ல. உங்கள் கையில் ஒன்றும் நிற்காத மாதத்திலும் தலைமையகத்துக்கு 1,120 போகும். கையேட்டில் இருக்கும் இலாப அட்டவணையில் எத்தனை பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறார்கள், முதல் ஆண்டிலேயே அத்தனை பேர் வருவார்களா என்று பென்சிலால் வட்டமிட்டுக் கேளுங்கள்.

இனி ஒப்பந்தம். மாணவர்களே, இங்கே இலக்கணம் பேசும். ஒவ்வொரு வாக்கியத்தின் எழுவாயையும் அடிக்கோடிடுங்கள். உரிமம் பெறுபவர் எழுவாயாக வந்தால் வினை பெரும்பாலும் ‘வேண்டும்’ என்று முடியும். உரிமம் தருபவர் வந்தால் அடிக்கடி ‘-லாம்’ என்று முடியும். செலுத்த வேண்டும், வாங்க வேண்டும், அனுமதி பெற வேண்டும். மாற்றலாம், ஆய்வு செய்யலாம், முடித்துக்கொள்ளலாம். இரண்டு பத்தியிலும் எத்தனை எத்தனை என்று எண்ணினாலே அதிகாரம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஆசிரியர்கள் நின்று வாசிக்க வேண்டிய இடம் போட்டித் தடை விதி. இதை நிறுவனம் தன் இஷ்டத்துக்குச் சேர்ப்பதில்லை. 1998-ஆம் ஆண்டு ஃபிரான்சைஸ் சட்டத்தின் 27-ஆம் பிரிவே கேட்கிறது. ஒப்பந்தக் காலத்திலும் அது முடிந்து இரண்டு ஆண்டுகள் வரையிலும், அதே போன்ற வேறு தொழிலை நடத்தமாட்டேன் என்று நீங்கள் எழுத்து மூலம் உறுதி தர வேண்டும். உங்கள் நிறுவனத்தின் இயக்குநர்கள், அவர்களின் கணவன் அல்லது மனைவி, நெருங்கிய குடும்பத்தார், ஊழியர்கள் எல்லாரும் அதில் அடக்கம். “வீட்டுக்காரர் பேர்ல போட்டுக்கலாம்” என்பது இங்கே செல்லாது. பான வகை விற்றவர் இரண்டு ஆண்டு துணி விற்கப் போகலாம். பாலர்க்கல்வி ஒன்றையே தொழிலாகக் கொண்டவர் எங்கே போவார்? ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுக்குக் குறையக்கூடாது என்பதும் அதே சட்டம்தான். அறுபதில் கையெழுத்திட்டால், சொந்தப் பெயரில் தமிழ்ப் பாலர் பள்ளி தொடங்க அறுபத்தேழு ஆகிவிடும்.

தமிழ் என்றதும் இன்னொன்று. நான் பார்த்த கையேடுகளில் ‘மும்மொழி’ என்றால் மலாய், ஆங்கிலம், மாண்டரின். தமிழ் இல்லாததற்குச் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பாலர் பள்ளியில் தேசிய மொழி அல்லாத மொழியும் பயிற்றுமொழியாக இருக்கலாம் என்கிறது. மலாய் கட்டாயப் பாடமாக இருந்தால் போதும். தடுப்பது பாடநூல் தொகுப்புதான். தமிழில் தொகுப்பு அச்சடிக்கத் தலைமையகத்துக்கு ஆதாயம் இல்லை. இரண்டு ஆண்டு தமிழ் எழுத்தையே பார்க்காத பிள்ளை முதலாம் ஆண்டுக்கு வரும்போது அந்த வகுப்பில் நிற்கப்போவது நம்மில் ஒருவர்தான்.

கையெழுத்துக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன்பே ஒப்பந்த நகலும் விவர ஆவணங்களும் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். கையெழுத்திட்ட பின்னும் குறைந்தது 7 வேலை நாள்கள் மறுபரிசீலனைக்கு உண்டு. விலகினால் ஒப்பந்தம் தயாரித்த நியாயமான செலவு போக மீதிப் பணம் திரும்ப வர வேண்டும். “சலுகை இன்னிக்கு மட்டும்தான்” என்பவரிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் பத்து நாளில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தினமும் அரை மணி நேரம் தமிழ் கற்பிக்க அனுமதி உண்டா, பக்கத்துத் தாமானில் இன்னொரு கிளை திறப்பார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே நடத்திவரும் கிளை உரிமையாளர் ஒருவரை, நிறுவன அதிகாரி பக்கத்தில் இல்லாதபோது, ஒரு தேநீருக்கு அழைத்துப் பேசுங்கள்: “இரண்டாம் ஆண்டில் உங்கள் சம்பளம் என்று எவ்வளவு எடுத்தீங்க?”