பெட்டிக்கடையிலிருந்து சந்தாவுக்கு: லயன்–முத்து காமிக்ஸ் வந்த வழி

1984 ஜூலையில் தமிழில் இரண்டு காமிக்ஸ் இதழ்கள் பிறந்தன. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்டோடு வந்தது. மாநிலம் முழுக்க நாளிதழ் போய்ச் சேரும் எல்லா ஊரிலும் அதற்கு முகவர்கள் இருந்தார்கள். இன்னொன்று சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ். முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. ஆசிரியர் எஸ். விஜயன் அப்போது பதின்வயதுப் பையன். ராணி காமிக்ஸ் ஐந்நூறு இதழ்களோடு 2005இல் நின்றது. லயன் இன்றும் வருகிறது. பெரிய நிறுவனம் விலகிய இடத்தில் ஒரு குடும்பப் பதிப்பகம் எப்படி நிலைத்தது என்ற கேள்வி, தமிழ்ச் சிறுபதிப்புலகம் முழுவதற்கும் உரியது.

விஜயனுக்கு முன்னால் அவருடைய தந்தை எம். சௌந்திரபாண்டியன் இருந்தார். 1972இல் அவர் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனின் ‘வாலியண்ட்’ வார இதழில் தொடராக வந்த அந்தக் கதைக்கு ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த படங்கள், நியூஸ்பிரிண்டில் பாக்கெட் சைஸில் தமிழ்ப் பிள்ளைகளின் கைக்கு வந்தன. காலண்டருக்கும் தீப்பெட்டி லேபிளுக்கும் ஓடிக்கொண்டிருந்த ஊரில் அச்சு வசதிக்குப் பஞ்சமில்லை. லயனின் அட்டைப்படங்களை ஓவியர் மாலையப்பன் தீட்டித் தந்தார். வெளிநாட்டுக் கதைக்கு அந்தக் கையால் வரைந்த அட்டை உள்ளூர் முகம் ஒன்றைக் கொடுத்தது. அன்றைய வாசகர் பலருக்குக் கதையைவிட அட்டைதான் இன்னும் நினைவில் நிற்கிறது.

அந்தக் காலத்தின் பொருளாதாரம் எளிமையானது. விலை சில ரூபாய், விற்பனை பெட்டிக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும், வாங்கியது பள்ளிப் பிள்ளைகள். தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்ததும் இது மெல்லக் கரைந்தது. 2000க்குப் பிறகு லயனும் முத்துவும் எப்போது வரும் என்று சொல்ல முடியாத நிலை. அடுத்த இதழ் விளம்பரங்களில் ‘வருகிறது’ என்று போட்ட கதைகள் பல வருடம் கழித்து வந்ததும் உண்டு, வராமலே போனதும் உண்டு.

திருப்பம் 2012 ஜனவரி, ‘கம்பேக் ஸ்பெஷல்’. விலை 100 ரூபாய். தமிழ் காமிக்ஸுக்கு அந்த விலை அன்று பெரிய துணிச்சல். அடுத்த ஆண்டே ‘நெவர் பிஃபோர் ஸ்பெஷல்’ 400 ரூபாய்க்கு வந்தது. ஆர்ட் பேப்பர், முழு வண்ணம், பெரிய அளவு, ஆண்டுச் சந்தா என்று முறையே மாறிவிட்டது. பெட்டிக்கடையின் இடத்துக்குக் கூரியரும், சென்னை, ஈரோடு புத்தகக் கண்காட்சி ஸ்டால்களும் வந்தன. வாங்குபவர், பழைய பிள்ளைதான். இப்போது நாற்பதைத் தாண்டியவர், சம்பளக்காரர். பதிப்பகத்தைக் காப்பாற்றியது அவர்தான் என்று தயங்காமல் சொல்லலாம்.

பெரிய தொகுப்புகள் முன்பதிவை நம்பி வந்தவை. பணம் கட்டியவர் எத்தனை பேர் என்று பார்த்து அச்சுக்குப் போவது. நினைவிழந்த மனிதனின் கதையான ‘இரத்தப் படலம்’ 2010இல் பதினெட்டு பாகங்களும் ஒரே தடித்த கறுப்பு–வெள்ளைப் புத்தகமாக வந்தது. 2018இல் அதையே வண்ணத்தில் மறுபடி கொண்டுவந்தார்கள். ழான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த இந்தத் தொடர், அன்றைய தமிழ் வாசகரைப் பல வருடம் காக்க வைத்தது. முழுக்கதையும் கையில் கிடைத்த நாள், அவர்களுக்குப் பழைய கடன் ஒன்று அடைந்த நாள்.

வண்ணம் என்ன செய்தது என்று பார்க்க ‘மின்னும் மரணம்’ போதும். ழான் ஜிரோ வரைந்த புளூபெர்ரி, தமிழில் கேப்டன் டைகர். முன்பு கறுப்பு–வெள்ளையில், மலிவுத் தாளில், பாலைவனத்துப் பாறையும் அதன் நிழலும் ஒரே மைக்கறையாக ஒட்டிக்கிடந்தன. தூரத்தில் வருவது குதிரையா புதரா என்று ஊகிக்க வேண்டும். 2015 வண்ணத் தொகுப்பில் அதே கட்டத்தில் மாலை வெயில் பாறையின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுவது தெரிகிறது. குதிரைக்காரனின் தோளில் படிந்த புழுதி தெரிகிறது. ஜிரோ எப்பேர்ப்பட்ட ஓவியர் என்பது நம்மில் பலருக்கு அப்போதுதான் பிடிபட்டது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ஆல்பத்தில் வசன பலூனின் அளவு மாறாது. நம் வாக்கியமோ, வினைமுற்றும் மரியாதை விகுதியும் சேர்ந்து நீண்டுவிடும். லார்கோ வின்ச் கதையில் பங்குச்சந்தைச் சதியை விளக்கும் பக்கங்களில் எழுத்து சுருங்கி பலூனின் விளிம்பை முட்டுகிறது. வசனத்தை இன்னும் கறாராக வெட்டியிருக்கலாம். நகைச்சுவைக் கதைகளில் இந்தச் சிக்கல் குறைவு. லக்கி லுக் கதைகளில் மொழிபெயர்ப்பு பேச்சுத்தமிழில் இறங்கி ஆடுகிறது. லயனின் தமிழ் அதன் முழுத் திறத்தோடு இருப்பது அங்கேதான் என்பது என் கணிப்பு.

ரேஞ்சர் டெக்ஸ் வில்லர் தனிக்கதை. 1948இல் இத்தாலியில் தொடங்கிய இந்தத் தொடர் அடிப்படையில் கறுப்பு–வெள்ளை, கதைகள் நீளம். அச்சுச் செலவு குறைவு, வாசிக்கப் பக்கம் அதிகம். தீபாவளி மலர் என்றால் டெக்ஸ் என்றாகிவிட்டது. பதிப்பகத்துக்குச் சோறு போடுவது இந்த ரேஞ்சர்தான் என்றால் மிகையில்லை. ஆனாலும் பட்டியலில் அவர் பங்கு அளவுக்கு மேல் ஏறிவிட்டதாகவே நான் நினைக்கிறேன். மனு லார்செனேயின் ‘நிஜங்களின் நிசப்தம்’ போன்ற கனமான கிராஃபிக் நாவலைத் துணிந்து வெளியிட்டவர்கள், அந்தத் திசையில் ஆண்டுக்கு ஒரு அடியாவது வைக்க வேண்டும். கோவை விடியல் பதிப்பகம் மர்ஜானே சத்ரபியின் ஈரான் கதையைத் தமிழில் தந்தது. அரசியலும் வரலாறும் பேசும் சித்திரநூலுக்கு இங்கே வாசகர் உண்டு என்பதற்கு அதுவே சான்று.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது பிள்ளைகள் இல்லாமல் போனது. ஸ்மர்ஃப், ப்ளூ கோட் பட்டாளம் என்று எத்தனையோ முயன்றும், டெக்ஸ் விற்கும் வேகத்தில் கார்ட்டூன் விற்பதில்லை. சந்தாதாரர் தனக்காக வாங்குகிறார், பத்திரமாக அடுக்குகிறார். வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுக்கத் தயங்குகிறார். அண்மையில் ‘திபெத்தில் டின்டின்’ தமிழில் வந்தது எனக்குப் பெரிய நம்பிக்கை. டின்டினை வரைந்த எர்ஜேயின் தெளிந்த கோடு பத்து வயதுக்கும் புரியும், அறுபது வயதுக்கும் சலிக்காது.

தமிழிலேயே எழுதி வரையும் காமிக்ஸ் இன்னொரு இல்லாமை. வாண்டுமாமா எழுத, ஓவியர் செல்லம் வரைந்த படக்கதைகளைக் கண்ட மொழி இது. முல்லை தங்கராசன் போன்ற ஆசிரியர்கள் இருந்த மொழி. இன்று அனிமேஷன் நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்களிடம் கோட்டுத்திறன் இருக்கிறது, பக்கம்தான் இல்லை. விற்பனைக் கணக்கு தெரிந்த, அச்சு தெரிந்த, விசுவாசமான வாசகரைக் கையில் வைத்திருக்கும் ஒரே பதிப்பகம் சிவகாசியில் இருக்கிறது. நாற்பத்தெட்டு பக்கத்தில் ஒரு தமிழ்க் கதை. முன்பதிவில் வந்தாலும் போதும். விஜயன் அறிவித்தால் முதல் ஆளாகப் பணம் கட்ட நான் தயார். சந்தா கட்டும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை டின்டினையோ லக்கி லுக்கையோ இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்றை வீட்டில் உள்ள பிள்ளைக்குக் கொடுங்கள், கசங்கினாலும் பரவாயில்லை.