உபயமும் அறக்கட்டளையும்: தீவகத்துக் குடும்பக் கொடை

ஒரு குடும்பம் தன் செல்வத்தின் ஒரு பகுதியைப் பொதுநன்மைக்கென ஒதுக்கி, பெரும்பாலும் தன் உறுப்பினரையே பொறுப்பாளராக அமர்த்தி நடத்தும் ஏற்பாடு குடும்ப அறக்கட்டளை எனப்படும். இலங்கையில் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இதற்குச் சட்ட வடிவம் தருகிறது. எனினும் அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தார் தருமசாதனம் என்னும் உறுதியை எழுதி, காணியையும் அதன் வருவாயையும் கோயிலுக்கும் மடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரித்தாக்கி வந்தனர்.

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளான தீவகத்தில் குடும்பக் கொடையின் வேர் உபயத்தில் இருக்கிறது. கோயில் திருவிழாவின் ஒரு நாளை ஒரு குடும்பம் ஏற்று, பூசைப் பொருள், மேளம், சாத்துப்படி, அன்னதானம் ஆகியவற்றின் செலவைத் தாங்குவதே உபயம். நயினாதீவு நாகபூசணி அம்மனின் 16 நாள் மகோற்சவத்துக்கு, கொழும்பிலும் தென்னிலங்கையிலும் கடை வைத்திருந்த தீவார் வந்து சேர்ந்த காலம் போய், 1983 இனக்கலவரத்துக்கும் 1990களின் இடப்பெயர்வுக்கும் பிறகு ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள் அல்லது காசு அனுப்புகிறார்கள். உபயத்தின் வலிமை அதன் மறுநிகழ்வில் உள்ளது: செலவு ஆண்டுதோறும் வரும், நாள் தவறாது, ஊர் முழுவதும் பார்த்திருக்கும், குறை இருந்தால் அன்று மாலையே வீதியில் பேச்சாகிவிடும்.

பெற்றோர் பெயரில் புலம்பெயர்ந்தோர் தொடங்கும் ஞாபகார்த்த நிதியங்களுக்கு வேறொரு சிறப்பு உண்டு. எந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போக வழியின்றி நிற்கிறது என்பதை உறவினர் வாயிலாக அறிந்து, விண்ணப்பமும் குழுவும் இல்லாமல் ஒரு கிழமைக்குள் உதவ அவற்றால் முடிகிறது. அரச நிதியிடம் இந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் உபயத்தின் மறுநிகழ்வு இவற்றில் பெரும்பாலும் இல்லை. நினைவைத் தாங்குவதற்குக் கட்டடமே ஏற்றது என்னும் எண்ணத்தால் பணம் ஒரேயடியாகக் கட்டுமானத்துக்குப் போய்விடுகிறது. கிணறுகள் உவர்த்துப்போன நெடுந்தீவு போன்ற தீவொன்றில், உப்புநீரை மெல்லிய சவ்வினூடாக அழுத்தி நன்னீராக்கும் இயந்திரம் வைக்கப்படுவதாகக் கொண்டால், சவ்வை உரிய காலத்தில் மாற்ற வேண்டும், மின்கட்டணம் செலுத்த வேண்டும், பழுதானால் உதிரிப்பாகம் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறி வர வேண்டும். திறப்பு விழாவோடு கொடை முடிந்துவிட்டால், சில ஆண்டுகளில் பெயர்க்கல் மட்டுமே பழுதின்றி இருக்கும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. முடிவெடுப்பவர் இரத்த உறவினராகவே இருக்கும்போது கொடை சொந்த ஊருக்கும் சொந்தக் கோயிலுக்கும் தாம் படித்த பள்ளிக்குமே திரும்பத் திரும்பப் போகிறது; வெளிநாட்டில் ஒருவரும் இல்லாத கடற்றொழிலாளர் குடும்பமும் கணவனை இழந்த பெண்ணும், தேவை மிகுந்தும், வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். இது கொடையாளரின் மனக்குறுக்கத்தால் அல்ல, அமைப்பால் விளையும் அநீதி. காப்பவர் மீது வெளிக்கண் இல்லாவிட்டால் அறமே முடங்கலாம் என்பதற்குச் சென்னைப் பச்சையப்ப முதலியார் சொத்தே சான்று: 1794இல் அவர் இறந்தபோது அறங்களுக்கென விட்டுச்சென்ற செல்வம், நீண்ட வழக்குகளைக் கடந்து, நீதிமன்றம் தலையிட்ட பின்பே 1842இல் பள்ளியாக உருவெடுத்தது.

அறம் இப்படி முடங்காதிருக்கவே அமெரிக்கச் சட்டம் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தம் சொத்து மதிப்பில் ஏறத்தாழ 5 சதவீதத்தை வழங்க வேண்டும் என்கிறது; இங்கிலாந்திலும் கனடாவிலும் பதிவுபெற்ற அறநிறுவனங்கள் ஆண்டறிக்கை தர வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு செல்வது கொடையாளர் வாழும் நாட்டின் அதிகாரியிடம். வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ உதவி பெறுபவர் முன் அதை வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தருமசாதனம் எழுதும்போதே பராமரிப்புக்கென முதல் ஒதுக்கி, அதன் வட்டியை வேறெதற்கும் தொடக்கூடாது என விதித்து, குடும்பத்தைச் சேராத, தீவிலேயே வாழும் இருவரைப் பொறுப்பாளராக்கி, ஆண்டுக் கணக்கைப் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் தமிழில் வாசிக்க வைப்பதற்கு இன்றுள்ள சட்டத்தில் தடை ஏதுமில்லை. அதற்குக் குடும்பம் இசைந்தாலே போதும்.